மகள் கல்யாணம் முடியும்வரை சிகிச்சை வேண்டாம் என்கிறாள் என் தோழி: நான் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: அஸ்தம்பட்டியிலிருந்து ஒருத்தி

வணக்கம். என் தோழியைப் பற்றி எழுதுகிறேன். அவளை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காகக் குடும்ப விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். நோயைப் பற்றிய விவரங்களில் எதையும் மாற்றவில்லை.

நாங்கள் இருவரும் ஏற்காட்டில் ஒன்றாம் வகுப்பில் ஒரே பலகையில் உட்கார்ந்து படித்தவர்கள். இப்போது இருவருக்கும் 46 வயது. கல்யாணத்துக்குப் பிறகு நான் சேலத்துக்கு இறங்கிவிட்டேன், அவள் மலையிலேயே தங்கிவிட்டாள். அவளுடைய கணவர் ஒரு காப்பித் தோட்டத்தில் மேஸ்திரி. அவள் வீட்டு முன்னறையில் தையல் இயந்திரம் போட்டு அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கிறாள். ஒரே மகள். அந்தப் பெண்ணுக்கு வரும் தை 11ஆம் தேதி முகூர்த்தம் குறித்து, நிச்சயமும் முடிந்துவிட்டது.

சித்திரை மாதத்திலேயே அவளுக்கு இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டிருக்கிறது. வலி இல்லாததால் அதை அவள் பொருட்படுத்தவில்லை. ஆடியில் ஒரு மருத்துவரிடம் காட்டியபோது, நீர்க்கட்டியாக இருக்கும் என்று ஸ்கேன்கூட எடுக்கச் சொல்லாமல் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். அதை நம்பி இரண்டு மாதம் போய்விட்டது. புரட்டாசிக் கடைசியில் அக்குளிலும் ஏதோ நெருடுகிறது என்று எனக்குத் தொலைபேசியில் சொன்னாள். மறுநாளே கீழே வரச் சொல்லி, வேறொரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். மேமோகிராம், அல்ட்ராசவுண்ட், பிறகு ஊசியால் சதை எடுத்துப் பரிசோதனை என்று ஒவ்வொன்றாக நடந்து, சென்ற வாரம் முடிவு வந்தது. மார்பகப் புற்றுநோய்தான். கட்டி 4 செ.மீ. இருக்கிறது, அக்குளில் ஒரு நெறி கட்டியிருக்கிறது. ஹார்மோன் ஏற்பு உண்டு, அதாவது ஹார்மோனால் தூண்டப்படும் வகை என்றும், ஹெர்-2 என்ற புரதத்துக்கான சோதனை 2+ என்று இரண்டுங்கெட்டானாக வந்திருப்பதால் ஃபிஷ் என்ற மறுசோதனைக்கு அனுப்பியிருப்பதாகவும், வேறெங்கும் பரவியதாக ஸ்கேனில் தெரியவில்லை என்றும், முதலில் கீமோ, பிறகு அறுவை சிகிச்சை என்றும் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். நவம்பர் முதல் வாரத்தில் தொடங்கிவிட வேண்டும் என்றார்.

வெளியே வந்து மரத்தடித் திண்ணையில் உட்கார்ந்தோம். அவள் அழவில்லை. "தை முடியட்டும்டீ. பொண்ணை அனுப்பிட்டு வந்து எது வேணா செஞ்சுக்கிறேன். அதுவரைக்கும் நீ யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது" என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அவளுடைய கணவருக்கே இன்னும் தெரியாது. நீர்க்கட்டி என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளை வீட்டார் கேள்விப்பட்டால், தாய்க்கு வந்தது மகளுக்கும் வரும் என்று சொல்லிச் சம்பந்தத்தையே முறித்துவிடுவார்கள் என்று பயப்படுகிறாள். அந்தப் பயம் வீண் என்று என்னால் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் எனக்குத் தெரிந்த குடும்பத்திலேயே அப்படி ஒன்று நடந்திருக்கிறது.

சத்தியத்தைக் காப்பாற்றினால் மூன்று மாதம் போய்விடும். மீறினால், 40 ஆண்டுகளில் அவள் என்னிடம் கேட்ட ஒரே ஒரு காரியத்தில் நான் அவளை ஏமாற்றியவளாகிவிடுவேன். அவளோடு பேசுவதற்கு வேறு வழி ஏதேனும் இருக்கிறதா? சிகிச்சை தொடங்கிவிட்டால், 30 கிலோமீட்டர் கீழே வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் நான் அவளுக்கு உண்மையில் எந்த வகையில் பயன்பட முடியும்? "தைரியமாக இரு" என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியவில்லை, அதைச் சொல்லும்போதெல்லாம் அவள் முகம் மூடிக்கொள்வதையும் பார்க்கிறேன்.

பதில்: அம்மாபேட்டைத் தறிக்காரர் வீட்டிலிருந்து

சகோதரி, உங்கள் தோழி இருக்கும் இடத்தில் நான் 2018இல் இருந்தேன். அப்போது எனக்கு 43 வயது. அதனால் உங்களுக்கு அல்லாமல், உங்கள் மூலமாக அவருக்கே எழுதுவதாக நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முடிவு தெரிந்த முதல் வாரத்தில் மனம் எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். எனக்கு அது தறியில் பாதியில் நின்ற ஒரு பட்டுப் புடவை. அதை அறுத்து இறக்காமல் மருத்துவமனைக்கு வர மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தேன். உங்கள் தோழிக்கு அது மகளின் கல்யாணம். சிகிச்சையே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. நான் அம்மாவாக இருந்து இதை முடித்துவிடுகிறேன், பிறகு நோயாளியாகிறேன் என்கிறார். அதனால் கல்யாணத்தையும் சிகிச்சையையும் எதிரெதிரே நிறுத்தி அவரோடு வாதாடாதீர்கள், தோற்றுப்போவீர்கள். கல்யாண நாளை மருத்துவரிடம் சொல்லி, அந்த நாளில் அவர் மணவறைப் பக்கத்தில் நிற்பதற்கு ஏற்றபடி தவணைகளை அமைக்க முடியுமா என்று அவரையே கேட்கச் சொல்லுங்கள். அந்தக் கேள்வி அவர் வாயிலிருந்தே வர வேண்டும், நீங்கள் பக்கத்து நாற்காலியில் இருந்தால் போதும்.

என் தோழி எனக்குச் செய்தவற்றில் இன்றும் நான் நினைத்துக்கொள்பவை சின்னச் சின்னக் காரியங்கள்தாம். 80 பக்க நோட்டு ஒன்றை வாங்கி, மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றை முந்தின இரவே என்னிடம் கேட்டு எழுதி வைப்பாள். உள்ளே போனதும் எனக்குக் காது அடைத்துவிடும். மருத்துவர் சொன்னதில் பாதிகூட நினைவில் நிற்காது. அவள் எழுதிக்கொள்வாள், வீட்டுக்கு வந்து காப்பி குடித்த பிறகு நிதானமாக வாசித்துக் காட்டுவாள். ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கிய கோப்பு அவள் பையில்தான் இருந்தது, என் வீட்டில் அது கண்ணில் படவே இல்லை. அது எவ்வளவு பெரிய உதவி என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

மற்றவர்கள் செய்ததில் புண்படுத்தியவையும் உண்டு. "உனக்கா இப்படி!" என்று வாசலிலேயே அழத் தொடங்கிய உறவினர்களை நான்தான் தேற்ற வேண்டியிருந்தது. இதே நோயில் இறந்தவர்களின் கதையை, ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, முழுவதுமாகச் சொல்லி முடித்தவர்கள் இருந்தார்கள். ஒரு வீட்டில் எனக்கென்று தனி டம்ளர் எடுத்து வைத்தார்கள். இது தொற்றும் நோய் அல்ல என்று சொல்லக்கூட எனக்குத் தெம்பு இல்லை. நெருங்கிய ஒருத்தி என்ன பேசுவதென்று தெரியாமல் வராமலேயே இருந்துவிட்டாள், அதுதான் எல்லாவற்றையும்விட நெடுநாள் வலித்தது. உங்களுக்கு வார்த்தை கிடைக்காவிட்டால் பரவாயில்லை, போய் உட்கார்ந்து கீரை ஆய்ந்து கொடுங்கள். ஊர்க்கதை பேசுங்கள். ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழாக் கூட்டத்துக்கு நான் போகக் கூடாத நிலை. என் தோழி கோயிலிலிருந்து குங்குமம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அந்த வருடம் கடைவீதியில் என்னென்ன கடை போட்டிருந்தார்கள் என்று ஒரு மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்று முழுவதும் நான் நோயை நினைக்கவில்லை.

முடியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதல் கீமோ முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் தலையணை முழுவதும் முடியாகிவிடும். அதற்கு முன்பே குட்டையாக வெட்டிக்கொண்டால் கொத்துக் கொத்தாக உதிர்வதைப் பார்க்கும் வேதனை குறையும். நம் ஊரில் பெண்ணின் மொட்டைத் தலைக்கு வேண்டுதல் என்ற ஓர் அர்த்தமும், சொல்ல விரும்பாத இன்னோர் அர்த்தமும் இருப்பதால் இது வெறும் முடிப் பிரச்சினை அன்று. அன்பின் மிகுதியால் நீங்களும் மொட்டையடித்துக்கொள்ளக் கிளம்பிவிடாதீர்கள். அவர் கேட்காமல் அப்படிச் செய்தால், உங்கள் தலையைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அவருக்குத் தன் நோய் நினைவுக்கு வரும். நான் விக் வைத்து, அதன்மேல் பூ வைத்துக்கொண்டுதான் தம்பி மகளின் சீருக்குப் போனேன்.

சத்தியம் பற்றி: அதை மீறாதீர்கள். ஆனால் திருப்பிக் கொடுத்துவிடலாம். "இதை என்னால் தனியாகத் தூக்க முடியவில்லை, இன்னும் ஒருவரை நீயே சேர்த்துக்கொள்" என்று சொல்லிப் பாருங்கள்.

பதில்: பெண்ணைப் பெற்றவள், ஆத்தூர்

எனக்கு வேறு கருத்து இருப்பதால் எழுதுகிறேன், யாரும் தவறாக நினைக்க வேண்டாம். மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லக் கூடாது என்று அந்தத் தாய் நினைப்பதில் ஒரு குற்றமும் இல்லை. வெளியிலிருந்து நாம் "உண்மையைச் சொல்லிவிட வேண்டும்" என்று சுலபமாகச் சொல்லிவிடலாம், ஆனால் சம்பந்தம் முறிந்தால் அந்தப் பெண் வாழ்நாள் முழுவதும் தன் தாயின் நோயால் கல்யாணம் நின்றது என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். இதில் தோழிக்கு ஓர் எல்லை உண்டு. சிகிச்சைக்கு அழைத்துப் போங்கள், செய்தியை எங்கும் கொண்டு போகாதீர்கள்.

பதில்: ஓய்வுபெற்ற செவிலியர், சூரமங்கலம்

நான் 31 ஆண்டுகள் செவிலியராக இருந்தவள், அவற்றில் கடைசி 12 ஆண்டுகள் புற்றுநோய் வார்டில். ஆத்தூர் அம்மா சொல்வதில் பாதியை ஏற்கிறேன், பாதியை ஏற்கவில்லை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் தள்ளிப்போடுவது பற்றி. சோதனைகளுக்காக இரண்டு மூன்று வாரம் ஆவது எல்லோருக்கும் நேர்வதுதான், அதனால் ஒன்றும் கெட்டுவிடாது. மூன்று மாதம் என்பது வேறு. அக்குள் நெறிவரை வந்துவிட்ட நோயை அவ்வளவு நாள் சும்மா விட்டால், இன்று குணப்படுத்தும் நோக்கத்தோடு செய்யக்கூடிய சிகிச்சை அன்றைக்குக் கைக்கு எட்டாமல் போகலாம். இதை மிரட்டலாகச் சொல்லாமல், மருத்துவரின் வாயால் அவர் கேட்கும்படி செய்யுங்கள்.

ஆனால் நாள்காட்டியைப் பாருங்கள். வழக்கமாகக் கொடுக்கும் முறைகளில் ஒன்று, 21 நாளைக்கு ஒரு முறையாக நான்கு தவணை, அதன் பிறகு வாரம் ஒரு முறையாக 12 தவணை. நவம்பர் 4ஆம் தேதி தொடங்கினால் அடுத்தவை நவம்பர் 25, டிசம்பர் 16, ஜனவரி 6. தை 11 என்பது ஜனவரி 24 அல்லது 25. அதாவது நான்காவது தவணைக்குப் பின் மூன்றாவது வாரத்தின் முடிவு. கீமோ கொடுத்த 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரைதான் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மிகவும் குறையும், நாங்கள் "கவுண்ட் இறங்கும் நாள்கள்" என்போம். மூன்றாவது வாரத்தில் அவை ஏறிவிடும், வாய்க்கு ருசி திரும்பும், நடமாட்டம் வரும். ஒரு தாய் மகளின் கல்யாணத்தில் நிற்பதற்கு அந்தச் சுற்றிலேயே இதைவிட நல்ல நாள் இல்லை. ஃபிஷ் முடிவைப் பொறுத்து மருந்து மாறலாம். ஹெர்-2 உண்டு என்று வந்தால் டிராஸ்டுசுமாப் என்ற மருந்து சேர்ந்து, மொத்தம் ஓராண்டுக் காலம் போகும். எதுவாக இருந்தாலும் கல்யாணத் தேதியை முதல் நாளே மருத்துவரிடம் சொல்லிவிட்டால் அதற்கேற்ப அமைக்க அவர்கள் பார்ப்பார்கள். நோயாளிகள் கேட்பதே இல்லை என்பதுதான் என் அனுபவம்.

கீமோ தொடங்கும் முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். இதயத்துக்கு எக்கோ எடுத்தாயிற்றா என்பது ஒன்று. முதல் நான்கு தவணைகளில் ஏற்றும் சிவப்பு நிற மருந்துக்கு அது அவசியம். மருந்தில் கட்டி கரைந்துபோனால் அறுவை மருத்துவருக்கு இடம் தெரிவதற்காக, கட்டிக்குள் ஒரு சிறிய கிளிப் வைப்பார்களா என்பது மற்றொன்று. மார்பை முழுவதும் எடுக்காமல் கட்டியை மட்டும் எடுக்கும் வாய்ப்பு இதோடு தொடர்புடையது. கட்டியை மட்டும் எடுத்துவிட்டு ரேடியேஷன் கொடுப்பதும், முழுவதும் எடுப்பதும் உயிர் பிழைப்பதைப் பொறுத்தவரை ஒன்றுக்கொன்று குறைந்தவை அல்ல. பொருத்தமானவர்களுக்கு முதல் வழி தாராளமாகத் திறந்திருக்கிறது.

அந்தச் சிவப்பு மருந்து ஏறிய அன்றும் மறுநாளும் சிறுநீர் சிவந்து போகும், பயப்பட வேண்டாம். ஆனால் ஏறிக்கொண்டிருக்கும்போது ஊசி குத்திய இடத்தில் சிறு எரிச்சல் இருந்தாலும் உடனே செவிலியரைக் கூப்பிட வேண்டும். அந்த மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் சதையைப் புண்ணாக்கிவிடும். பொறுத்துக்கொள்வதே நற்குணம் என்று வளர்ந்த நம் பெண்கள் இதைச் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள்.

இப்போது மலை. ஏற்காட்டுப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். கீமோ முடிந்த மாலையில் அந்த வளைவுகளில் ஏறினால், குமட்டல் மாத்திரை எதையும் கேட்காது. முதல் இரண்டு இரவும் அவர் உங்கள் வீட்டில் தங்கட்டும். வெள்ளை அணுக்கள் குறையாமலிருக்க ஓர் ஊசி எழுதிக் கொடுத்தால், அதை மருந்து ஏறி முடிந்து 24 மணி நேரத்துக்குப் பிறகுதான் போட வேண்டும். அதையும் கீழேயே போட்டுக்கொண்டு மூன்றாம் நாள் காலையில் மேலே போகலாம். இல்லாவிட்டால் அந்த ஊசியைக் குளிர் குறையாமல் ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டு போக வேண்டியிருக்கும். ஊசிக்குப் பிறகு எலும்பு வலிக்கும், அது எதிர்பார்த்ததே.

எல்லாவற்றையும்விட முக்கியமானது காய்ச்சல். வீட்டில் ஒரு நல்ல வெப்பமானி இருக்க வேண்டும். 100.4 டிகிரியைத் தொட்டால், மணி என்னவாக இருந்தாலும், மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். காய்ச்சல் மாத்திரையைப் போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கவுண்ட் இறங்கிய உடம்பில் கிருமி சில மணி நேரத்தில் இரத்தம் முழுவதும் பரவிவிடும். எதிர்க்கச் சக்தி இல்லாததால் வெளியே பெரிய அறிகுறிகூடத் தெரியாது. பத்தியம் என்று முட்டையையும் பருப்பையும் நிறுத்திவிடாதீர்கள், இந்த நேரத்தில் உடம்புக்குப் புரதம்தான் வேண்டும். யாராவது கொடுக்கும் மூலிகைப் பொடி, இலைச்சாறு எதுவானாலும் மருத்துவரிடம் காட்டாமல் உள்ளே போகக் கூடாது.

அவர் தையல்காரர் என்பதால் இதையும் சொல்கிறேன். பின்பாதியில் வாரந்தோறும் கொடுக்கும் மருந்தால் விரல் நுனி மரத்துப்போகும். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, பொத்தான் பிடிபடவில்லை என்றால் அன்றைக்கே சொல்ல வேண்டும், அளவைக் குறைக்கவோ மாற்றவோ வழி உண்டு. அறுவை சிகிச்சையில் அக்குள் நெறிகளை எடுத்த பிறகு, அந்தக் கை வீங்காமலிருக்கச் சொல்லிக் கொடுக்கும் பயிற்சிகளை விடாமல் செய்தால் மறுபடியும் இயந்திரத்தில் உட்காரலாம். சுவரில் விரல்களால் ஏறும் பயிற்சி ஒன்று உண்டு. ஒவ்வொரு நாளும் எட்டிய இடத்தில் தையல் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள்.

இனி ஆத்தூர் அம்மாவுக்கு. மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்வதும் சொல்லாததும் அந்தக் குடும்பத்தின் முடிவு, அதில் உங்களோடு உடன்படுகிறேன். மார்பகப் புற்றுநோயில் பரம்பரையாக வருவது 100க்கு 5 முதல் 10 பேருக்குத்தான். 50 வயதுக்குள் வந்திருப்பதால் மரபணுச் சோதனை தேவையா என்று மருத்துவர் பார்த்துச் சொல்வார், மகளுக்கும் அது பயன்படும். ஆனால் கணவரிடம் மறைப்பது இரகசியம் என்ற கணக்கில் வராது. பனி இறங்கிய ஓர் இரவு 11 மணிக்கு 101 டிகிரி காய்ச்சல் வந்தால், அவரை எழுப்பி வண்டி ஏற்பாடு செய்து கீழே கொண்டு வரப்போவது யார்? கேள்வி கேட்ட சகோதரி, நீங்கள் கீழே இருக்கிறீர்கள். பக்கத்துப் பாயில் படுத்திருப்பவருக்குத் தெரியாமல் இந்தச் சிகிச்சையைப் பாதுகாப்பாகச் செய்ய முடியாது. இந்த ஒரு கேள்வியை மட்டும் உங்கள் தோழியிடம் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சும்மா இருங்கள்.

பதில்: மலைக்காரன், நாகலூர்ப் பக்கம்

அம்மா, நானும் ஏற்காட்டில் தோட்ட வேலையில் இருப்பவன்தான். என் மனைவிக்கு இரண்டு வருடம் முன்பு இதே நோய். அவளும் என்னிடம் ஒரு மாதம் சொல்லவில்லை. தெரிந்த அன்றைக்கு நோயைவிட அதுதான் என்னை அதிகமாக அடித்தது. நான் அவ்வளவு தூரத்தில் இருந்தேனா என்று பல நாள் கேட்டுக்கொண்டேன். மேஸ்திரியாக இருப்பவர் முப்பது பேரைக் கட்டி மேய்ப்பவர், இதைத் தாங்க மாட்டார் என்று நீங்களாக முடிவு செய்துவிடாதீர்கள்.

செலவு விஷயம் யாரும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். வருமானச் சான்றும் ரேஷன் அட்டையும் வேண்டும். சான்றை ஏற்காடு வட்டத்தில் வாங்கிக்கொண்டு, சேலம் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதிய வேண்டும். கல்யாணச் செலவு முன்னால் நிற்கும்போது, சிகிச்சையைத் தள்ளிப்போடுவதற்குப் பணமும் ஒரு காரணமாக இருக்கலாம், அதை அவர் உங்களிடம் சொல்லாமலும் இருக்கலாம். இந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொண்டால் பாதிச் சுமை இறங்கும். நாங்கள் மறுகருத்துக்காக ஒரே ஒரு முறை சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்துக்குப் போனோம். முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954இல் தொடங்கிய இடம் அது. புற்றுநோயாளிக்கு ரயிலில் தூங்கும் வசதிப் பெட்டியில் கட்டணமே இல்லை, உடன் போகிறவருக்கு 75 சதவீதம் சலுகை. மருத்துவமனையில் படிவத்தில் கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டும். அங்கேயும் அதே மருந்தைத்தான் சொன்னார்கள் என்பதால் நிம்மதியாகச் சேலத்திலேயே தொடர்ந்தோம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து அடிவாரப் பாதை அடைபட்டால் குப்பனூர் வழியாக இறங்கலாம். இரவில் கூப்பிட்டால் வரக்கூடிய இரண்டு ஓட்டுநர்களின் எண்ணையும், 108ஐயும், வார்டு எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வைத்திருந்தோம். ஒரு முறை அது தேவைப்பட்டது. குரும்பப்பட்டி தாண்டி ஊருக்குள் நுழையும்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

கேள்வி கேட்டவர் மீண்டும் எழுதியது

சில வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்க வேண்டும். உங்கள் பதில்களை அச்செடுத்து மேலே கொண்டு போனேன். எல்லாவற்றையும் அவளிடம் காட்டவில்லை. செவிலியர் அம்மா எழுதிய தேதிக் கணக்கை மட்டும் அவள் வீட்டு நாள்காட்டியில் சிவப்பு மையில் வட்டமிட்டுக் காட்டினேன். வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு எந்திரிச்சு நிப்பேனா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை மருத்துவரிடமே கேட்கலாம் என்றேன். பிறகு, இரவில் காய்ச்சல் வந்தால் யார் கொண்டு வருவது என்று கேட்டுவிட்டு, சொன்னபடி சும்மா இருந்தேன். அவள் எழுந்து போய் அடுப்பில் பால் வைத்தாள், இறக்கினாள், எனக்குக் காப்பி கொடுத்தாள். அதற்குப் பிறகுதான், "அவர் வரட்டும், நீயும் இரு" என்றாள்.

அவர் வந்தார். அவளே சொன்னாள். அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை 6 மணிக்கு எனக்குத் தொலைபேசியில் அழைத்து, வருமானச் சான்றுக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டார். மலைக்கார அண்ணன் எழுதியதைப் படித்துக் காட்டினேன். அட்டை வந்துவிட்டது. பணம் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நீங்கள் எழுதியது சரிதான், அண்ணா. கல்யாணத்துக்கென்று சீட்டுப் பணம் 2 லட்சம் வைத்திருந்தாளாம், அதைத் தொட நேருமோ என்று பயந்திருக்கிறாள்.

மகளிடம் அவர்கள் இருவரும் சேர்ந்து சொன்னார்கள். அந்தப் பெண் மாப்பிள்ளையிடம் தானே சொல்லிவிட்டாள், யாரையும் கேட்கவில்லை. ஆத்தூர் அம்மா பயந்தது நடக்கவில்லை. ஆனால் மாப்பிள்ளையின் பெற்றோருக்கு இன்னும் சொல்லவில்லை, அதை எப்போது சொல்வது என்பதை அந்த இரண்டு பேருக்கும் விட்டுவிட்டோம். நான் அதில் தலையிடவில்லை.

ஃபிஷ் முடிவில் ஹெர்-2 இல்லை என்று வந்தது. எக்கோ எடுத்தார்கள், கிளிப் வைத்தார்கள். முதல் தவணை நவம்பர் 4ஆம் தேதியே முடிந்தது. இரண்டு இரவு என் வீட்டில் தங்கினாள். முதல் இரவு மூன்று முறை வாந்தி, இரண்டாம் நாள் ரசம் சாதம் நின்றது. ஊசியைக் கீழேயே போட்டுக்கொண்டு, முன் இருக்கையில் உட்கார்ந்து மலை ஏறினாள். 9ஆம் நாள் 99.6 டிகிரி காட்டியபோது அரை மணிக்கு ஒரு முறை வெப்பமானியைப் பார்த்துக்கொண்டு அவளுடைய கணவர் விடியும்வரை உட்கார்ந்திருக்கிறார். அதற்கு மேல் ஏறவில்லை. நாளை மறுநாள் இரண்டாம் தவணை. நேற்றிலிருந்து முடி கொட்டத் தொடங்கிவிட்டது. நேற்று மாலை அவள் மகளே அவளுக்குக் குட்டையாக வெட்டிவிட்டாள்; நான் வீடியோ அழைப்பில் இருந்தேன், மூவரும் பேசாமல்தான் இருந்தோம்.

அம்மாபேட்டைச் சகோதரியிடம் அவள் ஒன்று கேட்கச் சொன்னாள். விக்கின்மேல் பூ வைத்துக்கொண்டு போனதாக எழுதியிருந்தீர்களே, அது நழுவாமல் எப்படி நின்றது?

பதில்: அம்மாபேட்டைத் தறிக்காரர் வீட்டிலிருந்து

கொண்டை ஊசி குத்தினால் நிற்காது, தலையிலும் குத்தும். விக்கின் உள்வலையில், பின்னந்தலைப் பக்கம் கறுப்பு நூலால் விரல் நுழையும் அளவுக்கு இரண்டு வளையம் தைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பூச்சரத்தின் இரு முனை நாரையும் அவற்றில் முடிந்துவிட்டால் முகூர்த்தம் முடியும்வரை அசையாது. அவர் தையல்காரர், என்னைவிட நன்றாகவே தைப்பார். தையில் மல்லிகை வரத்துக் குறைந்து விலை ஏறிவிடும், பூக்காரரிடம் மார்கழியிலேயே சொல்லி வையுங்கள்.